ஒன்பது அஞ்சுக்கு அறுந்த லைன்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அந்த ரகம். என் மகள் ஒருநாள் சொன்னாள், "அம்மா, உனக்குக் கோபம் வர்றது இல்ல. கோபம் எப்பவும் வீட்டுலதான் இருக்கு. நீதான் வேலைக்குப் போயிட்டுப் போயிட்டு வர்ற." சிரித்துக்கொண்டே சொன்னதால் அன்றைக்குப் பிழைத்தாள்.

ஆனால் அந்தச் சுவர் விஷயத்தில் யாருக்குத்தான் கோபம் வராது? சிங்கப்பூரில், பிடோக்கில் எங்களுக்கு நாலறை வீடு. வீட்டுக்கு நட்ட நடுவில் பாம் ஷெல்ட்டர் என்று ஒரு சின்ன அறை, குண்டு விழுந்தால் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துகொள்ள. கனத்த காங்கிரீட், இரும்புக் கதவு. நல்லவேளையாக இதுவரை குண்டு விழவில்லை. அரிசி மூட்டையும் முறுக்கு டின்னும் என் வீட்டுக்காரரின் பழைய ஷூக்களும்தான் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது. வைஃபையும் அதைத் தாண்டி ஒழுங்காகப் போகாது. இன்டர்நெட் பெட்டி ஹாலில் இருக்கிறது. அவருடைய மேசை சுவருக்கு அந்தப் பக்கம், கடைசி அறையில்.

அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். இருபத்தாறு வருஷமும் நின்றபடி. இடது முட்டி தேய்ந்து, ஆப்பரேஷன் ஆகி, மெடிக்கல் லீவு முடிந்து திரும்பிப் போனபோது, அவர் இருந்த பிரிவையே மூடப்போகிறோம் என்று சொல்லி, ஒரு கேக்கை வெட்டி அனுப்பிவிட்டார்கள். கேக்! வீட்டுக்கு ஒரு துண்டு கொண்டுவந்தார். நான் அதைத் தொடவே இல்லை.

ஏழு மாசம் வீட்டில் இருந்தார். விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம் வயதைப் பார்த்தார்கள், அப்புறம் முட்டியைப் பார்த்தார்கள். உறவுக்காரர் ஒருவர் துவாஸில் கிடங்கு வேலை இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். துவாஸ் எங்கே, பிடோக் எங்கே? தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரயில், அதற்கப்புறம் பஸ், போய்ச் சேர்ந்ததும் நாள் முழுக்க நிற்க வேண்டும். இன்னொரு முறை அந்த முட்டி கெட்டால் பழையபடி நடக்க முடியாது என்று டாக்டர் என்னையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஒரு சரக்கு ஏஜென்சி. வீட்டில் உட்கார்ந்தபடி, என் சரக்கு எங்கே, எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் அதையே பார்த்தவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அஞ்சு நாள் சோதனை, திங்கள் முதல் வெள்ளி வரை. ஒரே நிபந்தனை: கம்ப்யூட்டரும் மேசை ஃபோனும், ரெண்டுமே வயரில்தான் மாட்டியிருக்க வேண்டும். வைஃபை கூடாது. பேச்சு நடுவில் அறுந்தால் வாடிக்கையாளர் போய்விடுவாராம். அடிக்கடி அறுந்தால் வேலை கிடையாது.

வயர் இழுக்க ஒருத்தரைக் கூப்பிட்டோம். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கூரை ஓரமா சுத்தி வரணும்லா, அடுத்த மாசம்தான் முடியும்" என்றார். திங்கட்கிழமை சோதனை. அடுத்த மாதம் அவர் வந்து யாருக்கு வயர் இழுக்கப் போகிறார், எங்கள் பாட்டனுக்கா?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனோம். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். ஒரு சந்துக்குள் வாசல்வரை வயராகத் தொங்கும் சின்னக் கடை, அதில் ஒரு பாய். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு ஜோடி வெள்ளை டப்பாக்களை எடுத்து வைத்தார். பவர்லைன் அடாப்டராம்.

"ஒண்ண இன்டர்நெட் பெட்டிக்கிட்ட கரண்டு பாயின்ட்ல குத்துங்க. இன்னொண்ண மேசைக்கிட்ட குத்துங்க. சுவத்துக்குள்ள ஓடுற கரண்டு வயர்லயே இன்டர்நெட்டும் ஓடி வந்துரும்" என்றார்.

"கரண்டு வயர்லயா? ஷாக் அடிக்காதா பாய்?"

"அடிக்காது அக்கா. என் வீட்டுலயும் அதான்."

"அந்த டப்பாவுல ஒரே ஓட்டைதான் இருக்கு. இவருக்குக் கம்ப்யூட்டர், ஃபோன் ரெண்டு இருக்கே?"

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. வயர் மாட்ட அஞ்சு ஓட்டை உள்ள ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். டப்பாவிலிருந்து ஒரு வயர் இந்தப் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து எத்தனை வேண்டுமோ அத்தனை. "எக்ஸ்டென்ஷன்ல மட்டும் குத்திராதீங்க, நேரா சுவத்துல குத்துங்க. அப்புறம் இன்னொண்ணு அக்கா, அதுக்குப் பக்கத்துல..."

"அதெல்லாம் அவர் பாத்துப்பார். மொதல்ல விலையச் சொல்லுங்க பாய்" என்று நான் நடுவில் வெட்டினேன். பாய் வாயை மூடிக்கொண்டு விலையைச் சொன்னார். பேரம் பேசி வாங்கினோம்.

அங்கிருந்து வெளியே வந்ததும் எதிரில் பூஜைச் சாமான் கடை. இந்த வேலை கிடைத்தால் முருகனுக்கு ஒளிவட்டம் வைக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். ஒளிவட்டம் என்றால் சாமி படத்துக்குப் பின்னால் மாட்டுகிற வட்ட லைட்டு, சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றிச் சுற்றி எரியும். கிடைத்த பிறகு என்ன வைப்பது, முன்கூட்டியே வைத்தால் சாமியும் சீக்கிரம் கவனிப்பாரே என்று அன்றைக்கே வாங்கிவிட்டேன். இருந்ததிலேயே மலிவானது. டப்பாவும் ஒளிவட்டமும் ஒரே பையில் வீட்டுக்கு வந்தன.

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் எங்கள் சாமி மேடை. இன்டர்நெட் பெட்டியும் அங்கேதான். சுவரில் ரெண்டு பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. ஒன்றில் வெள்ளை டப்பா, இன்னொன்றில் ஒளிவட்டம், சுவிட்சை மறுநாள் பூஜைக்குத்தான் போடுவதென்று. "சாமிக்குப் பக்கத்துலேயே இருக்கட்டும், அதுவும் நல்லதுதான்" என்று நானே சொன்னேன். அவர் உள்ளே போய் இன்னொரு டப்பாவைக் குத்தினார். ரெண்டிலும் பட்டனை அழுத்திக் காத்திருந்தோம். பச்சை விளக்கு வந்தது. சின்னப் பெட்டியை மாட்டி, கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், ஃபோனுக்கு ஒரு வயர். மகள், "எனக்கும் ஒண்ணு குடுங்கப்பா" என்று தன் கம்ப்யூட்டருக்கும் ஒன்றை இழுத்துக்கொண்டாள். மூன்றும் ஓடின. அவர் ஃபோனைக் காதில் வைத்து, "ஹலோ, குட் மார்னிங்" என்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசிப் பார்த்தார். ஏழு மாசத்தில் முதல்முறை அந்த முகத்தில் ஒரு களை.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஆரம்பம். காலண்டரில் ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது! நல்ல காரியத்தை ராகு காலத்திலா ஆரம்பிக்கச் சொல்வார்கள்? புலம்பிக்கொண்டே குளித்துவிட்டு, ஒன்பது மணி தாண்டட்டும் என்று காத்திருந்தேன். தாண்டியதும் விளக்கேற்றி, ஒளிவட்டத்தைப் போட்டு, கந்தனைக் கும்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை, உள்ளேயிருந்து அவர் குரல்.

"லைன் போச்சு!"

ஓடினேன். பச்சை இருந்த இடத்தில் சிவப்பு. ஃபோன் செத்துக் கிடந்தது. அவர் பட்டனை அழுத்துகிறார், பிடுங்கிக் குத்துகிறார், நெற்றியில் வேர்வை. நான் திரும்பி வந்து சாமியிடம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அரை மணி கழித்து, லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை வந்திருந்தது. முருகா, கேட்டுக்கொண்டாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எனக்கு ஒரு பல் கிளினிக்கில் கவுன்டர் வேலை, மதியம் ஒன்றிலிருந்து ஏழு வரை. காலை முழுக்க வீட்டில்தான். கிளம்புவதற்குள் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, பாட்டுக் கேட்க வைத்தே அரை மணியைத் தின்றவர்களை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர்கள், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்றார்கள். எல்லாம் சரியாக இருந்தால் நான் எதற்கடா உனக்குப் போன் போடுகிறேன்?

செவ்வாய்க்கிழமை எமகண்டம் பத்தரை வரை. அதனால் பத்தே முக்காலுக்குப் பூஜை. அன்றைக்குப் பத்தே முக்காலிலிருந்து லைன் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் பாதிப் பேச்சில் அறுந்து, அவர் திரும்பக் கூப்பிட்டு இவரிடம் கத்தினார். இவர் சாரி சார், சாரி சார் என்கிறார். மகள் அறைக்குப் போய், "நீ இழுத்துக்கிட்டிருக்கிற வயராலதான் அப்பாவுக்கு லைன் அறுந்து போகுது" என்று அவள் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அவள் ஏதோ பாட வேலையை அனுப்பிக்கொண்டிருந்தாளாம். பாதியில் போய்விட்டது. அழுதாள். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் நான் திரும்பி வந்ததும், "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"காலையிலதான் படுத்துச்சு. நீ கிளம்புன பிறகு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... நீ போன பிறகு ஒரு தடவகூட அறுந்து போகலன்னு..."

"ஓஹோ! நான் இருக்கறதாலதான் உங்க லைன் அறுந்து போகுதா? நான் என்ன தரித்திரமா? குளிக்காம கொள்ளாம உங்களுக்காகச் சாமி முன்னாடி நிக்கறேன், என்னையே சொல்றீங்களா? நாளைக்கு விடியும்போதே வீட்ட விட்டுப் போயிடறேன், உங்க லைனும் நீங்களும் நல்லா இருங்க!"

குளிக்காமல் சாமி முன்னால் யார் நிற்பார்கள்? கோபத்தில் நாக்கு என்னென்னவோ சொல்லும். அவர், "நான் அப்படிச் சொல்லலம்மா" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

புதன்கிழமை மேல்மாடி வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு மலாய்க்கார அம்மா, பெருநாளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மிஷின்தான் காரணம் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ. வாசலில் நின்று சத்தம் போட்டேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு எத்தனை மணி வரைக்கும் வேலை?" என்று கேட்டார். அஞ்சரை என்றேன். அந்த வாரம் முழுக்க அஞ்சரைக்குப் பிறகுதான் மிஷினை ஓட்டினார். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

அன்று காலையில் ஒன்பது அஞ்சுக்கு ஒரு பூஜை. பன்னிரண்டுக்கு ராகு காலம் என்பதால் அதற்கு முன் பதினொன்றரைக்கு இன்னொரு பூஜை. லைன் ரெண்டு தடவை போனது. ஏஜென்சியின் மேற்பார்வையாளர், என் மகளைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள், இவரைக் கூப்பிட்டு, "அங்கிள், உங்களுக்கு வேலை நல்லாத் தெரியுது. ஆனா லைன் இப்படி இருந்தா நான் மேலிடத்துல என்ன சொல்றது?" என்றாளாம். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது எவ்வளவு சரி என்று நான் அவளைத் திட்டினேன்.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வியாழக்கிழமை தோன்றிவிட்டது. எட்டே முக்காலுக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரம் பூஜை. அவரைப் பேச்சுக்கு நடுவில் நிற்க வைத்துச் சூடம் சுற்றிப் போட்டேன். லைன் அந்த ஒரு மணி நேரமும் போய்ப் போய் வந்தது. அவர் எழுந்து ஹாலுக்கு வந்தார். டப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் சுற்றிச் சுற்றி எரிகிற ஒளிவட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவர் உட்காருவதற்கு முன்னாலேயே, எட்டே காலுக்கு, ஒளிவட்டத்தைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அணைக்கவே இல்லை. மதியம் வேலைக்குக் கிளம்பும்போதும் அறை வாசலில் நின்று கறாராகச் சொன்னேன். "நான் வர்ற வரைக்கும் சாமி லைட்ட யாரும் அணைக்கக் கூடாது. தெரிஞ்சுதா?"

அவர் தலையை ஆட்டினார்.

ஏழே காலுக்கு நான் கதவைத் திறந்தபோது ஹாலில் லைட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஒளிவட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அவர் முகத்தில் மாறி மாறி விழுந்தது. நாள் முழுக்க லைன் ஒழுங்காக நிற்கவே இல்லை, அறுந்து அறுந்து போனது என்றார். நாலு மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டு, "அங்கிள், உங்க வீடு இதுக்குப் பொருந்தாது" என்று சொல்லிவிட்டாளாம்.

நான் யாரை விட்டேன் அன்றைக்கு? அந்தப் பெண்ணை, டப்பா விற்ற பாயை, சுவரைக் கட்டினவனை, சுவரில் துளை போடக் கூடாது என்று சட்டம் போட்டவனை. கடைசியாக முருகனையும் விடவில்லை. "இவ்வளவு கும்பிட்டும் பண்ண மாட்டேன்னுட்ட. உனக்கு இந்த அலங்காரம் ஒண்ணுதான் குறைச்சல்" என்று ஒளிவட்டத்தைக் கழற்றி டிராயரில் போட்டு அடைத்தேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் துவாஸுக்குப் போக ஆரம்பித்தார். விடிகாலை அஞ்சே காலுக்கு அலாரம். போகும்போது நேராக நடப்பார், திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் முட்டிக்குத் தைலம் தேய்ப்பேன், தேய்த்துக்கொண்டே அந்த ஏஜென்சியைத் திட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனைக்கும் அந்த டப்பாவில் அதற்கப்புறம் ஒரு நாளும் லைன் அறுந்து போகவில்லை. மகள் திரும்பவும் தன் வயரை மாட்டிக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. வேலை போன பிறகு உனக்கு என்ன ஒழுங்கு வேண்டிக்கிடக்கிறது என்று அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை. அவருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. நான் பேனா தேடி அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன நோட்டு. அவர் கையெழுத்து. லைன் போன நேரம், வந்த நேரம், கிழமை வாரியாக எழுதியிருந்தார்.

திங்கள், ஒன்பது அஞ்சு. செவ்வாய், பத்தே முக்கால். புதன், ஒன்பது அஞ்சு, பதினொன்றரை. வியாழன், எட்டே முக்கால்.

இந்த நேரத்தை எல்லாம் நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கே பார்த்தேன்? காலண்டரில். ஒவ்வொரு நாளும் ராகு காலமும் எமகண்டமும் பார்த்து நான் சாமிக்கு லைட்டுப் போட்ட நேரம் அது. வியாழனுக்குப் பக்கத்தில் பென்சிலால், எழுதியதே தெரியாத மாதிரி மெலிசாக, "சாமி லைட்?" என்று எழுதியிருந்தார்.

டிராயரிலிருந்து ஒளிவட்டத்தை எடுத்தேன். பழைய இடத்திலேயே, டப்பாவுக்குப் பக்கத்தில் குத்தி, சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் டப்பாவில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அணைத்தேன். பச்சை. போட்டேன். சிவப்பு. எத்தனை தடவை போட்டு அணைத்தேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து மகள், "அம்மா, லைன் போகுது, என்ன பண்றீங்க?" என்று கத்தினாள். என்ன பண்ணினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டி வேண்டி, நானே என் கையால் அந்த வேலையை அறுத்திருக்கிறேன். இடம் கொடுக்காத பூசாரி வேறு யாருமில்லை, நான்தான்.

அப்படியே ரயிலேறி தேக்காவுக்குப் போனேன். பாய் கடையில் ஒளிவட்டத்தை வைத்து, "இத டப்பாவுக்குப் பக்கத்துல வைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி மலிவு கலர் லைட்டு, சார்ஜர் எதையும் பக்கத்துல குத்தக் கூடாது அக்கா, கரண்டு வயர்ல இரைச்சல் போட்டு லைனக் கெடுத்துரும். அன்னைக்கே சொல்ல வந்தேன்லா. நீங்க விடல" என்றார். ஒளிவட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். ஷூவைக் கழற்ற முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். நான் நோட்டை அவர் மடியில் போட்டேன்.

"வியாழக்கிழமையே தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

அவர் நோட்டைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியாது. சந்தேகம்தான்."

"சந்தேகம்னா அணைச்சுப் பாக்க வேண்டியதுதானே? ஒரு சுவிட்சு! வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனப்புறமாவது அணைச்சிருக்கலாமே! நான் அங்கேருந்து பாக்கவா போறேன்? உங்க வாய் எங்க போச்சு? உங்க முட்டி போகுதே, உங்களுக்கே அக்கறை இல்லையா?"

மகள் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அணைக்கத்தான் போனேன். ரெண்டு மணிக்கு. சுவிட்சுல கைய வச்சுட்டேன்" என்றார். "அப்புறம் நெனச்சேன். நான் அணைச்சு, அப்பவும் லைன் சரியாகலன்னா? அப்பவும் வேலை கிடைக்கலன்னா? நீங்க சாமி லைட்ட அணைச்சதாலதான் வேலை போச்சுன்னு, நான் சாகிற வரைக்கும் சொல்லுவ. துவாஸ் பரவாயில்லன்னு தோணுச்சு."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னார்.

அது பொய், நான் அப்படிப்பட்டவளா என்று கத்த வாயைத் திறந்தேன். நான் அப்படிப்பட்டவள்தான். சொல்லியிருப்பேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்லியிருப்பேன், மகள் கல்யாணத்தில் சொல்லியிருப்பேன், அவர் படுக்கையில் கிடந்தாலும் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். அவர் என்னோடு வாழ்ந்தவர், அவருக்குத் தெரியாதா?

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அப்போதுதான் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே அவர் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வரப்போவதற்குத் தயாராகக் காத்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தத் தோளை நான் பார்த்ததே இல்லை, நான் எப்போதும் கத்திக்கொண்டிருந்ததால்.

வாயை மூடினேன். கீழே உட்கார்ந்து அவருடைய இடது ஷூவைக் கழற்றினேன். நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.